தீவுக்குப் போகாதவர்களுக்கு: சாந்தோமில் நுங்கும் இளநீரும்

ஏப்ரல் பிறந்துவிட்டால் சென்னையில் ஒரு கூட்டம் அந்தமானுக்கும் பாலிக்கும் புக்கெட்டுக்கும் கிளம்பிவிடுகிறது. அங்கே கட்டாயம் சாப்பிட்டுப் படம் எடுக்க வேண்டியவற்றின் பட்டியல் முன்கூட்டியே கைபேசிக்கு வந்து சேர்ந்திருக்கும். தேங்காய் ஓட்டில் வைத்த ஐஸ்கிரீம், அசாயி கிண்ணம், தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியோடு மாம்பழம். இந்த அத்தியாயம் அப்படிப் போகாதவர்களுக்கானது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்று சென்னைக்கு உறவினர் வீட்டுக்கு வருகிறவர்களுக்கும், மயிலாப்பூர் பக்கம் அறை எடுத்துத் தங்குகிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

சாந்தோமில் கடல் இருக்கிறது, மணல் இருக்கிறது, பெயருக்கு ஒரு தீவுகூட இருக்கிறது. அடையாறு கழிமுகத்தை ஒட்டிய குயிபிள் தீவைச் சொல்கிறேன். ஆட்டோவில் நேராகப் போய் இறங்கிவிடலாம். கல்லறைத் தோட்டத்துக்குப் பெயர்பெற்ற இடம் என்பதால் விடுமுறைக் கொண்டாட்டத்துக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் தீவு விடுதிக்காரர்கள் பழத்தையும் தேங்காயையும் வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்கிறார்களோ, அதற்கு வேண்டிய சரக்கு அத்தனையும் இந்த வட்டாரத்துத் தெருமுனைகளிலேயே கிடைக்கிறது. அவர்களிடம் இல்லாத ஒன்றும் நம்மிடம் உண்டு. அது நுங்கு.

எந்த மாதம், எந்த நேரம்

நுங்குக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் காலம். மார்ச் கடைசியிலேயே சில வண்டிகள் தலைகாட்டும், ஆனால் மே மாதத்து நுங்குதான் நுங்கு. கத்திரி வெயில் மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை நீளும். 2003 மே கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஒவ்வோர் ஆண்டும் அவ்வளவு போகாது என்றாலும், கடல் பக்கம்தானே என்ற நம்பிக்கையில் பகல் பன்னிரண்டு மணிக்கு மணலில் இறங்காதீர்கள். கடல்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டித்தான் கிளம்பும். மேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் அதுவும் தாமதமாகும். அன்றைக்குச் சாந்தோமிலும் புழுக்கம்தான்.

ஆகவே நாளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நுங்கும் இளநீரும் காலையில். வெயில் ஏறியதும் வீட்டுக்குள். மறுபடி வெளியே வருவது ஐந்து மணிக்குமேல். இந்த ஒழுங்கு உடம்புக்கு மட்டுமல்ல, நாக்குக்கும் நல்லது. செங்கல்பட்டு, திருவள்ளூர், மரக்காணம் பக்கங்களிலிருந்து குலையோடு வந்து இறங்கும் நுங்கு காலையில் இருக்கும் பதத்தில் மாலையில் இருக்காது.

நுங்கு வாங்குவது

முதல் விதி: சுளையாக எடுத்து உறையில் கட்டித் தொங்கவிட்டிருப்பதை வாங்காதீர்கள். காயாக இருப்பதைக் கண்ணெதிரே சீவித் தரச் சொல்லுங்கள். சீவி வைத்த சுளை எத்தனை மணி நேரமாக வெயிலில் தொங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. நுங்கு சீக்கிரம் புளித்துப்போகும் பண்டம். புளித்ததை வாயில் வைத்த அந்த நொடியே நாக்கு சொல்லிவிடும், ஆனால் அதற்குள் காசு கொடுத்திருப்பீர்கள்.

சீவுவதை நின்று பார்ப்பதே ஒரு சுகம். விற்பவர் காயை இடது கையில் பிடித்து, அரிவாளால் தலைப்பகுதியை ஒரே வீச்சில் தட்டுவார். உள்ளே பெரும்பாலும் மூன்று கண் தெரியும், சிலதில் இரண்டுதான். அந்தக் கண்ணின் மேல் கட்டைவிரலை வைத்து லேசாக அமுக்கிப் பார்ப்பார். விரல் உள்ளே போவதுபோல் நெகிழ்ந்தால் இளசு, நடுவில் இனிப்புத் தண்ணீர் நிற்கும். விரல் நின்றுவிட்டால் நடுத்தரம், தின்னத் தின்னச் சதை. கல்லாக இருந்தால் முற்றல். அதைக் கடுக்காய் என்று ஒதுக்கிவிடுவார்கள், வாங்கித் தின்றால் வயிறுதான் வலிக்கும். எனவே “நல்ல இளசா பார்த்துக் குடுங்கம்மா” என்று முதலிலேயே சொல்லிவிடுவது வழக்கம். அப்படிச் சொல்லும் ஆளுக்கு விவரம் தெரியும் என்று விற்பவரும் எடுத்துக்கொள்வார். விலையைக் காய்க்கு இவ்வளவா, சுளைக்கு இவ்வளவா என்று சீவுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சீவிய பிறகு பேரம் கிடையாது.

அங்கேயே நின்று சாப்பிடுவதானால் கட்டைவிரலைக் கண்ணுக்குள் விட்டுக் கிண்டி உறிஞ்சுவதுதான் முறை. தண்ணீர் சட்டையில் தெறிக்கும். கறை போகாது, ஆகவே வெள்ளைச் சட்டை வேண்டாம். வீட்டுக்கு எடுத்துப்போவதானால் ஒரு எவர்சில்வர் டப்பா கொண்டுபோங்கள். ஒருமுறை தூக்கி எறியும் பிளாஸ்டிக் உறைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. தெருவில் அது முழுதாக நடைமுறைக்கு வந்ததா என்பது வேறு கதை. டப்பா கொண்டுபோனால் சுளையும் நசுங்காது.

சுளையைச் சுற்றிப் பழுப்பு வெள்ளையாக ஒரு தோல் இருக்கும். துவர்க்கும். பெரியவர்கள் அதோடு சேர்த்துத்தான் தின்னச் சொல்வார்கள், வயிற்றுக்கு நல்லது என்பது அவர்கள் கணக்கு. இனிப்புக் கிண்ணத்தில் போடுவதானால் உரித்துவிடுங்கள், பாலோடு சேரும்போது துவர்ப்பு எடுபடாது. குளிர்ந்த தண்ணீரில் சற்று நேரம் போட்டு வைத்து, பிறகு நகத்தால் ஓரத்தைக் கிள்ளி இழுத்தால் தோல் கழன்றுவரும். உள்ளே இருக்கும் நீரை வேர்க்குருவில் தடவும் பழக்கமும் உண்டு. குழந்தைகள் முதுகில் தடவிப் பாருங்கள், எரிச்சல் அடங்குவது அவர்கள் முகத்திலேயே தெரியும்.

நுங்குக்கு நன்னாரி போல ஜோடி வேறு இல்லை. நான்கு சுளையைச் சிறு துண்டாக்கி, நன்னாரி சர்பத் இரண்டு மேசைக்கரண்டி, அரை எலுமிச்சைச் சாறு, கால் மணி நேரம் ஊறிய சப்ஜா விதை ஒரு கரண்டி, மண்பானைத் தண்ணீர். அவ்வளவுதான். ரோஜா சர்பத் ஊற்றிப் பால் சேர்த்து, மேலே ஐஸ்கிரீம் உருண்டை வைத்து நீளக் கண்ணாடிக் குவளையில் தரும் கடைகள் பெருகிவிட்டன. படத்துக்கு அழகாகத்தான் இருக்கிறது. நுங்கின் வாசனை மெல்லியது. ரோஜாவையும் வெண்ணிலாவையும் மேலே ஏற்றினால் வழுவழுப்பு மட்டும் மிஞ்சும். ரோஸ் மில்க் குடிக்க ஆசையாக இருந்தால் மயிலாப்பூர் மாட வீதிக்குப் போய், 1927 முதல் இருக்கும் காளத்தி கடையில் தனியாகக் குடியுங்கள். இரண்டையும் ஒரே குவளையில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். ஏறுவதற்கு ஆள் குறைந்துகொண்டே வருவதுதான் இப்போது பெரிய தட்டுப்பாடு. நுங்கு விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதைப் பேரம் பேசும்போது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இளநீரும் வழுக்கையும்

இளநீர் கடையில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “தண்ணியா, வழுக்கையா?” குடிக்க மட்டும் என்றால் தண்ணீர்க் காய். இனிப்பு செய்ய என்றால் “லேசா வழுக்கை இருக்கணும்ணா” என்று சொல்லுங்கள். கரண்டியால் வழித்தால் கண்ணாடிபோல வர வேண்டும், பல்லில் கடிபடக் கூடாது. தேங்காய்ப் பருப்பாகக் கெட்டித்துவிட்டது சட்னிக்குத்தான் ஆகும். குடித்து முடித்ததும் காயைத் திருப்பிக் கொடுத்தால் இரண்டாகப் பிளந்து, மட்டையிலிருந்தே ஒரு சீவலைச் சீவிக் கரண்டியாகக் கொடுப்பார்கள். அந்தக் கரண்டிக்கு இணையான மரக் கரண்டியைத் தீவு விடுதிகளில் தனிக் காசு வாங்கிக்கொண்டு விற்கிறார்கள்.

சென்னைக்கு வரும் காய் பெரும்பாலும் பொள்ளாச்சியிலிருந்தும் கர்நாடகத்தின் மத்தூர் பக்கத்திலிருந்தும் வருவது. செவ்விளநீருக்கு விலை கூடுதல், மவுசும் கூடுதல். இனிப்பு செய்வதற்குப் பச்சைக் காயே தாராளம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இளநீர் குடிக்க வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம்.

ஒரு தலைமுறைக்கு முன்பு கல்யாணப் பந்தியில் பால் பாயசம், பருப்புப் பாயசம், சேமியா என்று மூன்றைத் தாண்டிப் பாயசம் கிடையாது. இன்று முகூர்த்தச் சாப்பாட்டில் இளநீர் பாயசம் இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். அதைச் செய்வதில் சூட்சுமம் ஒன்றே ஒன்று: தேங்காய் சம்பந்தப்பட்ட எதையும் அடுப்பில் ஏற்றக் கூடாது. ஒரு லிட்டர் பாலைப் பாதியாகக் காய்ச்சி, அரை கோப்பைச் சர்க்கரை போட்டு, நன்றாக ஆறவிடுங்கள். ஆறியதைக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். இரண்டு இளநீரின் வழுக்கையில் பாதியைச் சிறிது இளநீர் விட்டுக் கொரகொரப்பாக அரையுங்கள், மீதியைப் பொடியாக நறுக்குங்கள். கெட்டியான முதல் தேங்காய்ப்பால் ஒரு கோப்பை. எல்லாம் குளிர்ந்த பிறகு கலந்து, இரண்டு ஏலக்காய் தட்டிப் போட்டால் முடிந்தது. சூடாக இருக்கும்போதே கலந்தால் தேங்காய்ப்பால் திரிந்துபோகும், இளநீர் வாசனையும் பறந்துவிடும். நெய்யில் வறுத்த முந்திரி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். குளிர்ந்த பாயசத்தில் நெய் உறைந்து மேல்வாயில் ஒட்டும். முந்திரி வேண்டாம்.

விடுதி அறையில் அடுப்பு கிடையாது, தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கெட்டிலும் சின்னக் குளிர்பெட்டியும்தான் என்றால் பாயசத்துக்கு வழியில்லை. உறவினர் வீட்டுச் சமையலறை கிடைத்தால் இன்னொரு படி மேலே போய் இளநீர் புட்டிங் செய்யலாம். இப்போது உணவகங்களில் பிள்ளைகள் கேட்டு வாங்குவது இதைத்தான்.

அதற்கு வேண்டியது கடல்பாசி. கடையில் சைனா கிராஸ் என்று கேட்டால் பத்து கிராம் பொட்டலமாகத் தருவார்கள். இந்த இனிப்புக்கு உண்மையிலேயே ஒரு தீவு உறவு உண்டென்றால் அது இங்கேதான். நம் நாட்டில் அகர் எடுக்கப் பயன்படும் மரிக்கொழுந்துப் பாசி மன்னார் வளைகுடாவில் பாறைகளை ஒட்டி வளர்கிறது. பாம்பன், இராமேசுவரம் பக்கத்து மீனவப் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி அதைப் பறித்து வருகிறார்கள். அங்குள்ள 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதிலிருந்து அவர்களுக்கும் வனத்துறைக்கும் ஓயாத இழுபறி. கிண்ணத்தில் அசையும் அந்த வெள்ளை வில்லைக்குப் பின்னால் யாரோ ஒரு பெண்ணின் மூச்சு இருக்கலாம்.

பத்து கிராம் கடல்பாசியைக் கத்தரித்துத் தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, ஒரு கோப்பைத் தண்ணீரில் கொதிக்கவிடுங்கள். இழை ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாமல் கரைய வேண்டும். பக்கத்து அடுப்பில் இரண்டு கோப்பைப் பாலும் சர்க்கரையும் சூடாக இருக்கட்டும். குளிர்ந்த பாலில் பாசிக் கரைசலை ஊற்றினால் அங்கங்கே திரண்டுவிடும். இரண்டையும் சேர்த்து வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், அரைத்த வழுக்கையையும் ஒரு கோப்பை இளநீரையும் கலந்து தட்டில் ஊற்றுங்கள். இளநீர் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததாக இருக்கக் கூடாது. கடல்பாசி நாற்பது டிகிரிக்குக் கீழே இறங்கும்போதே உறையத் தொடங்கிவிடும், ஆகவே மேசையிலேயே உறைந்துவிடும். குளிர்பெட்டி சில்லென்று ஆக்குவதற்கு மட்டும்தான்.

ஜெலட்டினில் செய்தால் இன்னும் மெத்தென்று வரும் என்பார்கள். வரும். ஆனால் மே மாதச் சென்னையில் குளிர்பெட்டியை விட்டு வெளியே எடுத்த சற்று நேரத்தில் கஞ்சியாகிவிடும். கடல்பாசி உறைந்த பிறகு எண்பது டிகிரியைத் தாண்டினால்தான் இளகும், டப்பாவில் போட்டுக் கடற்கரைக்கே எடுத்துப்போகலாம். அதோடு ஜெலட்டின் சைவமும் அல்ல. இன்னொன்று: பச்சை அன்னாசியிலும் பப்பாளியிலும் இருக்கும் நொதிகள் ஜெலட்டினை உறையவே விடாது. கடல்பாசியை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அன்னாசியைப் பாலில் போட்டு வைத்தால் கசக்கும், அதை மேலே அலங்காரமாக வைத்து உடனே சாப்பிட்டுவிடுங்கள். அன்னாசி, பப்பாளி, கொய்யா, முந்திரி எல்லாம் போர்ச்சுக்கீசியர் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தவை. சாந்தோம் அவர்கள் 16-ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஊர். இன்றைய பேராலயம் 1896-இல் எழுந்தது, அவர்கள் கட்டிய பழைய கோயில் அதற்கு முன்பு அதே இடத்தில் இருந்தது.

மாம்பழமும் ஒட்டரிசியும்

2022 ஏப்ரலில் கலிபோர்னியாவின் கோச்செல்லா இசைவிழா மேடையில் தாய்லாந்துப் பாடகி மில்லி மாம்பழச் சாதக் கிண்ணத்தோடு நின்று சாப்பிட்டார். அதன்பிறகு அந்தச் சாதம் உலகமெல்லாம் பேசப்பட்டது. நம் உணவகங்களிலும் அது கிடைக்கிறது, நம் பர்சையும் பதம் பார்க்கிறது. வீட்டில் செய்ய தாய்லாந்து அரிசியைத் தேடி அலைய வேண்டாம். செட்டிநாட்டுக் கவுனி அரிசி இருக்கிறது. பர்மாவில் வணிகம் செய்த நகரத்தார் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். கறுப்பு நிறம், ஒட்டும் குணம், இரண்டும் பிரமாதம்.

முந்தின இரவே ஊறவைத்துவிடுங்கள், ஊறாத கவுனி எத்தனை விசில் விட்டாலும் பல்லை உடைக்கும். குழைய வேகவைத்து, சூட்டோடு சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கிளறி, ஆறியதும் கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி, பக்கத்தில் மாம்பழத் துண்டு. உப்பை விட்டுவிடாதீர்கள், தேங்காய்ப்பாலைத் தூக்கிக் கொடுப்பதே அதுதான். மே மாதமானால் பங்கனப்பள்ளி போதும். இமாம் பசந்து கிடைத்தால் இதில் போட்டு வீணாக்காமல் தனியே சாப்பிடுங்கள். முழுக்க ஒரே மஞ்சளாக இருந்தும் காம்பருகே முகர்ந்தால் வாசனையே இல்லாத பழத்தைத் தள்ளிவைத்துவிடுங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டது, ஆனாலும் பருவத் தொடக்கத்தில் அந்தச் சந்தேகம் இருந்துகொண்டேதான் இருக்கிறது.

ஐஸ் பற்றி ஒரு எச்சரிக்கை

சாந்தோம் மீனவக் குப்பங்களை ஒட்டிய ஊர். லூப் சாலைப் பக்கம் மீனுக்காகப் பார் பாராக ஐஸ் இறங்குவதைப் பார்க்கலாம். அது மீனைக் காப்பாற்றுவதற்கான ஐஸ், குடிநீரில் செய்ததாக இருக்க வேண்டியதில்லை. சர்பத் வண்டியில் சாக்கு போர்த்திய பெரிய பாரை உடைத்துப் போடுகிறார் என்றால் “ஐஸ் வேணாம்ணா” என்று சொல்லிவிடுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நுங்கும் இளநீரும் ஓட்டுக்குள் இருக்கும்வரை சுத்தமானவை, ஐஸும் கழுவாத கத்தியும் கலக்கும் தண்ணீரும்தான் வயிற்றைக் கெடுப்பவை.

இந்த ஊர்க்காரர்கள் ஒரு காலத்தில் நல்ல ஐஸுக்கு அமெரிக்காவை நம்பியிருந்தார்கள். பேராலயத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள், கடற்கரைச் சாலையில் வட்ட முகப்போடு நிற்கும் விவேகானந்தர் இல்லம் 1842-இல் ஐஸ் கிடங்காகக் கட்டப்பட்டது. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் அறுத்தெடுத்த பனிக்கட்டியை ஃபிரெடரிக் டியூடரின் நிறுவனம் கப்பலில் கொண்டுவந்து இங்கே இறக்கியது. இந்தியாவிலேயே ஐஸ் தயாரிக்க முடிந்ததும் அந்த வணிகம் படுத்துவிட்டது. 1897-இல் விவேகானந்தர் வந்து தங்கியபோது அது தனியார் மாளிகை. திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு இன்றும் அது ஐஸ் ஹவுஸ்தான்.

மாலைக்கு

பறக்கும் ரயிலில் கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கினால் பேராலயம் நடந்துபோகிற தூரம். மயிலாப்பூரிலிருந்து வருகிறவர்களுக்குக் கச்சேரி சாலை நேர்வழி. டப்பாவில் புட்டிங், மரக் கரண்டி, குடிக்கத் தண்ணீர், கை துடைக்க ஒரு துண்டு. மணலில் உட்காருங்கள், அலையில் இறங்காதீர்கள். மெரினாவிலிருந்து பட்டினப்பாக்கம் வரை கடல் இழுக்கும் கடல், நீச்சல் தெரிந்தவர்களையும் கொண்டுபோயிருக்கிறது.

ஜூன் கடைசிக்குள் வர முடியாதவர்கள் நுங்கை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள். ஜூலையில் நீலம் மாம்பழம் இருக்கும், இளநீர் ஆண்டு முழுதும் உண்டு.